கெரிமாக்கி: பாதி ஊரை உட்காரவைக்கக் கட்டிய தேவாலயம்

ஜூலை 8, திங்கள். சவோன்லின்னா

கிழக்குப் பின்லாந்தில் சைமா ஏரித்தொகுதியின் நடுவே, தீவுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது சவோன்லின்னா நகரம். 1475இல் எரிக் ஆக்செல்சன் தொத் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டைக்காகவும், ஜூலையில் அதன் முற்றத்தில் நடக்கும் ஆப்பரா விழாவுக்காகவும் கூட்டம் வருகிறது. விழாக் காலத்தில் அறை வாடகை ஏறிவிடும். கோட்டையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்தக் குறிப்புகள் இங்கிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும் கெரிமாக்கியைப் பற்றியவை. 2012 டிசம்பர் 31 வரை அது தனி ஊராட்சி. மறுநாள் காலை முதல் சவோன்லின்னாவின் ஒரு பகுதி.

படகுத்துறையை ஒட்டிய சந்தையில் முதலில் சாப்பிட வேண்டியது லெர்ட்சி. மாவை மெல்லிசாகத் தேய்த்து, அரைவட்டமாக மடித்து, எண்ணெயில் பொரித்த பண்டம், உள்ளங்கையைவிடப் பெரிது. ஆப்பிள் பூரணம் ஒன்று, இறைச்சியும் சோறும் கலந்தது ஒன்று. விலை 4 முதல் 5 யூரோ. ஒரு யூரோ 2024இல் தோராயமாக 90 ரூபாயாக இருந்தது. ஆப்பிள் லெர்ட்சியை வாங்கியவுடன் கடித்தால் வாய் வெந்துவிடும், பூரணத்தின் சூடு ஆற ஐந்து நிமிடமாவது வேண்டும். இறைச்சி லெர்ட்சியை அதற்கு நேர்மாறாகச் சுடச்சுடத் தின்ன வேண்டும், ஆறினால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும்.

ஸ்ட்ராபெரியும் பச்சைப் பட்டாணியும் இங்கே லிட்டர் கணக்கில் அளந்து விற்கிறார்கள், நம் ஊரில் படியால் அளப்பதைப் போலவே. ஒரு லிட்டர் ஸ்ட்ராபெரி எடையில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். ஜூலையில் 6 அல்லது 7 யூரோ. விற்பவர் பேரம் பேசமாட்டார், கூவி அழைக்கவும் மாட்டார். வரிசையில் உங்கள் முறை வந்ததும் முகத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இதை அலட்சியம் என்று நினைக்கக்கூடாது. எந்தத் தோட்டத்துப் பழம், எப்போது பறித்தது என்று கேட்டால் முழு விவரமும் நிதானமாகச் சொல்கிறார்கள். கேட்காதவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை.

போக்குவரத்தில் ஒரு சிக்கல் நேர்ந்தது, அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். கெரிமாக்கி பஸ்களின் அட்டவணையில் சில ஓட்டங்களுக்கு அருகே பள்ளி நாட்களுக்கு மட்டும் என்ற குறி இருக்கும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை பின்லாந்தில் பள்ளி விடுமுறை, ஆகவே அந்த ஓட்டங்கள் வரவே வராது. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த பழைய தாளில் அந்தக் குறி மங்கிப்போயிருந்தது. சனி ஞாயிறுகளில் நிலைமை இன்னும் மோசம். வாடகை சைக்கிள் நல்ல மாற்று. நகரத்திலிருந்து அந்த ஊருக்கு 71ஆம் எண் சாலை வழியாகப் போகலாம். ஏற்ற இறக்கம் உண்டு என்றாலும் கடினமான மேடு எதுவும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய். கெரிமாக்கி, பெரிய தேவாலயம்

சாலை ஒரு வளைவு திரும்பியதும் மரங்களுக்கு மேலே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு குவிமாடம் தெரிகிறது. அடுத்த சில நிமிடங்களில் அது பெரிதாகிக்கொண்டே வருகிறது. சுற்றிலும் சிறிய வீடுகள், ஒரு மளிகைக்கடை, ஒரு பெட்ரோல் பங்க். நடுவில் உலகத்தின் மிகப் பெரிய மரத் தேவாலயம் என்று சொல்லப்படும் கட்டடம். நீளம் 45 மீட்டர், அகலம் 42 மீட்டர், உள்ளே நின்று அண்ணாந்தால் மாடத்தின் உட்கூரை 27 மீட்டர் உயரத்தில். மூவாயிரம் பேர் உட்காரலாம், நிற்பவர்களையும் சேர்த்தால் ஐயாயிரம் பேர். 1844இல் தொடங்கி 1847இல் கட்டி முடித்தார்கள். வரைபடம் ஆண்டர்ஸ் ஃப்ரெட்ரிக் கிரான்ஸ்டெட் என்ற கட்டடக் கலைஞருடையது. மேற்பார்வையும் தச்சும் தோல்போ குடும்பத்துத் தந்தை மகனுடையவை.

இந்தக் கட்டடத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு கதை கூடவே வரும். வரைபடத்தில் சென்டிமீட்டரில் இருந்ததை ஊர்த் தச்சர்கள் அங்குலம் என்று புரிந்துகொண்டார்களாம், அதனால்தான் இவ்வளவு பெரிதாகிவிட்டதாம். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர்களுக்கு இது பெரிய அநியாயம். கொஞ்சம் கணக்குப் போட்டாலே கதை உடைந்துவிடும்.

அன்று பின்லாந்தில் புழங்கியது சுவீடிஷ் அளவுமுறை. ஓர் அடி 29.69 செ.மீ., ஒரு முழம் இரண்டு அடி, அதாவது 59.4 செ.மீ., ஓர் அங்குலம் 2.47 செ.மீ. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1886இல்தான் வந்தது. 1844இல் கெரிமாக்கித் தச்சரின் கையில் சென்டிமீட்டரில் எழுதிய வரைபடம் இருந்திருக்கக் காரணமே இல்லை. அப்படியே இருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இன்றைய 45 மீட்டரை 2.47ஆல் வகுத்தால் சுமார் 18 மீட்டர், 42ஐ வகுத்தால் 17 மீட்டர். பரப்பு ஆறில் ஒரு பங்காகிவிடும். அதாவது எண்ணூறு பேர் நெருக்கி நிற்கக்கூடிய கட்டடம்.

அன்று இந்தப் பங்கின், அதாவது இந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட திருச்சபை வட்டாரத்தின், மக்கள்தொகை சுமார் பன்னிரண்டாயிரம். பங்கில் பாதிப் பேராவது ஒரே நேரத்தில் வழிபாட்டுக்கு வர இடம் வேண்டும் என்பதுதான் கட்டியவர்கள் போட்ட கணக்கு. பன்னிரண்டாயிரம் பேருக்கு எண்ணூறு பேர் கொள்ளும் கட்டடத்தை எந்தப் போதகரும் கேட்டிருக்கமாட்டார். ஐயாயிரம் என்பது பாதிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். இருக்கைகளையும் கணக்கிட்டுப் பாருங்கள். பெஞ்சுகளின் மொத்த நீளம் 1,670 மீட்டர் என்கிறார்கள். மூவாயிரத்தால் வகுத்தால் ஒருவருக்கு 55 செ.மீ.க்குச் சற்று மேல். பனிக்கால உடை போட்ட ஒரு ஆள் உட்கார ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவான இடம். இது தவறி நேர்ந்த கட்டடம் இல்லை. எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பெஞ்சு என்று யோசித்துக் கட்டியது.

இத்தனை பேர் ஏன் வரவேண்டும்? பக்தி மட்டும் காரணமில்லை. அரசாணை, ஏல அறிவிப்பு, திருமண அறிவிப்பு எல்லாவற்றையும் பிரசங்க பீடத்திலிருந்துதான் வாசித்தார்கள். ஊர்ப் பொதுக்காரியங்களைப் பேசி முடிவெடுத்ததும் பங்குக் கூட்டத்தில்தான். ஏரியின் அக்கரையில் இருந்தவர்கள் நீண்ட துடுப்புப் படகுகளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியே சாலையானது.

கட்டடத்தை வெளியிலிருந்து பார்ப்பதைவிட உள்ளே நின்று அது எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சுவை. கட்டைச்சுவர் என்பது நிமிர்த்தி நட்ட மரம் இல்லை. இருபுறமும் செதுக்கிய மரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே பாசி வைத்து அடைத்து, மூலைகளில் ஒன்றோடொன்று கோத்த சுவர். இதில் இரண்டு தொல்லைகள். முதலாவது நீளம். நேராக, ஒரே பருமனாகக் கிடைக்கும் மரம் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் அரிது. 45 மீட்டர் சுவரை ஒரே கோடாக இழுத்தால் ஒட்டுப்போட்ட இடங்களில் வெளியே பிதுங்கிவிடும். அதனால்தான் பின்லாந்துத் தச்சர்கள் சிலுவை வடிவத்தை விரும்பினார்கள். சுவர் திரும்பும் ஒவ்வொரு மூலையும் ஒரு முட்டுக்கொடுத்த மாதிரி வேலை செய்யும். மூலை எத்தனை கூடுகிறதோ அத்தனைக்கு உறுதி.

இரண்டாவது தொல்லை, மரம் காயும்போது சுவர் தாழ்வது. படுக்கவைத்த மரம் பருமனில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. ஒரு மீட்டர் உயரச் சுவர் முதல் சில ஆண்டுகளில் 2 முதல் 5 செ.மீ. வரை இறங்கலாம். பத்து மீட்டர் சுவர் என்றால் 20 முதல் 50 செ.மீ. ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்கும் தூண் இறங்காது. சுவரும் தூணும் ஒரே கூரையைத் தாங்கும்போது, ஒன்று இறங்கி ஒன்று நின்றால் கூரை கோணிப்போகும், கதவு அடைபடாது, சன்னல் கண்ணாடி நொறுங்கும். கட்டைக் கட்டடங்களில் சன்னலுக்கு மேலே இடைவெளி விட்டுப் பலகையால் மறைப்பது இதற்காகத்தான். நீண்ட சுவர் பிதுங்காமலிருக்க உள்ளும் புறமும் ஒரு சோடி நெடுங்கட்டைகளை நிறுத்திப் போல்ட்டால் இறுக்குவார்கள். போல்ட் போகும் துளையை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போடுவார்கள், சுவர் இறங்கும்போது போல்ட்டும் கூடவே இறங்கட்டும் என்று. வட்டத் துளை போட்டால் சுவர் அதில் தொங்கி, மரங்களுக்கு நடுவே பிளவு விட்டுவிடும். வெளிப்பலகை அடிப்பதையும் சுவர் இறங்கி முடியும்வரை தள்ளிவைப்பதுதான் வழக்கம். அவசரப்பட்டு அடித்தால் பலகை வளைந்து ஆணி பிடுங்கிக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய உள்வெளியைச் சூடாக்குவது ஆகாத காரியம். ஆரம்பத்தில் விறகு அடுப்புகள் இருந்தன, குளிருக்கு முன் அவை நிற்கவில்லை. இன்று பெரிய தேவாலயத்தில் கணப்பு கிடையாது. குளிர்கால வழிபாட்டுக்கு 1953இல் கட்டிய சிறிய தேவாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. கணப்பு இல்லாததே இந்த மரத்துக்கு ஒரு வகையில் நல்லது. உறைகுளிரில் ஒரு நாள் மட்டும் சூடேற்றினால் மக்களின் மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த மூலைகளில் போய்ப் படியும். தொடர்ந்து சூடேற்றினால் மரம் அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கும், வண்ணப்பூச்சு உரியும்.

பார்க்க விரும்புபவர்கள் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வரவேண்டும். வெளியே 25 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்கிறது, ஒரு ஸ்வெட்டர் தேவை. தனியாக நிற்கும் மணிக்கூண்டையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் நின்று மெல்லப் பேசினாலும் குரல் மேல்மாடிவரை போகிறது. வழிகாட்டியாக நின்ற கல்லூரிப் பெண் அளவுகளையெல்லாம் சொல்லிவிட்டு, அங்குலக் கதையையும் சொல்லி, அது கதைதான் என்று அழுத்தமாக முடித்தார். அது மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஜூலை 10, புதன். கெரிமாக்கி, மழை

காலையிலிருந்தே மழை. 14 டிகிரி. நேற்றைய வெயிலுக்கு இது ஜூலையா என்று தோன்றும், ஆனால் இங்கே ஜூலை இப்படித்தான்.

வார நாட்களில் பதினொரு மணி முதல் இரண்டு மணிவரை உணவகங்களில் மதியச் சாப்பாடு பஃபே முறையில் கிடைக்கும். 12 முதல் 14 யூரோ. சூப், உருளைக்கிழங்கு, ஒரு இறைச்சி, சாலட், கம்பு போலக் கருத்த, ரை என்ற தானியத்தின் ரொட்டி, வெண்ணெய், பால், கடைசியில் காப்பி, எல்லாம் அந்த விலைக்குள். மாலையில் அதே உணவகத்தில் ஒரு தட்டு அதைப்போல இரண்டு மடங்கு. செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் மதியம் வயிறார உண்டுவிட்டு இரவுக்குக் கடையில் கரேலியப் பிட்டு வாங்கிக்கொள்ளலாம். மெல்லிய ரை மாவுத் தோலுக்குள் பால்சோறு வைத்து, ஓரத்தைச் சுருக்கிச் சுட்டது; அதன்மேல் வேகவைத்த முட்டையை வெண்ணெயோடு மசித்துத் தடவித் தின்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் அடுக்கவேண்டும். மேசையில் விட்டுவிட்டு எழுந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் பக்கத்து மேசைக்காரர் எடுத்துவைத்துவிடுவார்.

மழைநாள் என்பதால் ஊராட்சியின் கதையைச் சொல்லலாம். கெரிமாக்கி முதலில் ஒரு பங்கு, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பக்கத்தில் எல்லைக்கோடு ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. 1743 உடன்படிக்கையில் சவோன்லின்னாக் கோட்டையும் சுற்றுப்புறமும் சுவீடனிடமிருந்து ரஷ்யாவின் கைக்குப் போயின. 1809இல் பின்லாந்து முழுவதுமே ரஷ்யப் பேரரசுக்குள் வந்து, 1812இல் இந்தப் பழைய நிலங்களும், பேரரசின் கீழ்த் தன்னாட்சியோடு இருந்த பின்லாந்துப் பெருங்கோமகத்தோடு சேர்க்கப்பட்டன. தேவாலயம் எழும்பியது அதற்கு ஒரு தலைமுறை கழித்து.

1865இல் வந்த சட்டம் நாட்டுப்புறங்களில் பங்கையும் ஊராட்சியையும் பிரித்தது. ஏழைகளைப் பராமரிப்பது, பள்ளி, தானியக் கிடங்கு எல்லாம் ஊராட்சியின் பொறுப்பாகின. அது கையெழுத்தான மூன்றே ஆண்டுகளில், 1866–68 பஞ்சத்தில், நாட்டின் மக்களில் சுமார் எட்டு விழுக்காடு மடிந்தார்கள். புதிய ஊராட்சிகள் முதலில் செய்யக் கற்றுக்கொண்ட வேலையே பசித்தவர்களின் பெயரை எழுதிக்கொள்வதுதான்.

முடிவுக்கு வந்ததற்கும் கணக்குத்தான் காரணம். 2007இல் வந்த சீர்திருத்தச் சட்டம், அடிப்படை மருத்துவச் சேவை நடத்த சுமார் 20,000 மக்கள் அடித்தளம் வேண்டும் என்றது. கெரிமாக்கியில் அப்போது இருந்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியோர் பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. சேர்ந்துகொள்ளும் ஊராட்சிகளுக்கு அரசு மானியமும் கொடுத்தது. 2013 ஜனவரி 1 அன்று நாட்டின் ஊராட்சிகள் 336இலிருந்து 320ஆகக் குறைந்தன. புருவெசி ஏரியைச் சுற்றியிருந்த மூன்று ஊராட்சிகள், கெரிமாக்கி, புங்கஹார்யு, கெசாலாஹ்தி, ஒரே நாளில் மறைந்தன. முதல் இரண்டும் சவோன்லின்னாவோடு, மூன்றாவது கிதேயோடு சேர்ந்தன.

ஒரு விஷயம் மனதில் நிற்கிறது. பாதிப் பங்குக்காகக் கட்டிய தேவாலயத்துக்குள், ஊராட்சி முடிந்த நாளில் அநேகமாக முழு ஊரையும் நிறுத்திவிடலாம் என்ற நிலை.

ஜூலை 11, வியாழன். புருவெசி ஏரி

வானம் வெளுத்துவிட்டது. படகுத்துறை முனையில் நின்று கீழே பார்த்தால் அடியில் கிடக்கும் கற்கள் தெளிவாகத் தெரிகின்றன. புருவெசி சைமாத் தொகுதியின் கிழக்குக் கை. சத்து குறைந்த, மிகத் தெளிந்த நீர். ஆற்று வரத்துக் குறைவு, நிலத்தடி நீர் ஊறுகிறது, சுற்றிலும் மணலும் சரளையும். வயலில் இடும் உரமும் காட்டு வாய்க்கால்களின் பழுப்பு நீரும் சேர்ந்தால் இந்தத் தெளிவு போய்விடும். குடாக்களில் ஏற்கனவே பாசி படிவது கவலையாகப் பேசப்படுகிறது, பேசப்படவேண்டியதும்கூட.

இந்த ஏரியின் செல்வம் முய்க்கு. விரல் நீள வெள்ளி மீன், பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. புருவெசி முய்க்கின் முள் மென்மையானது, முழுதாகவே மென்று தின்னலாம். ‘புருவெசி முய்க்கு’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது 2013இல். கரையிலிருந்த மூன்று ஊராட்சிகளின் பெயரும் அரசுப் பட்டியலிலிருந்து நீங்கிய அதே ஆண்டில் ஏரியின் பெயர் இன்னொரு பட்டியலில் ஏறியது.

இங்குள்ளவர்களின் பெருமை குளிர்கால வலையிழுப்பு. நாட்டின் வாழும் மரபுகளின் பட்டியலில் அதற்கு இடமுண்டு. ஜூலையில் அதைக் காண முடியாது, ஆனால் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வலை நம் கரைவலையின் உடன்பிறப்பு: இரண்டு நீண்ட கைகள், நடுவில் மீன் சேரும் மடி. வித்தியாசம், கரையும் அலையும் இல்லை, எல்லாம் பனிக்கட்டிக்கு அடியில்.

முதலில் பனியின் கனம். திடமான கரும்பனி 5 செ.மீ. இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம், பனிவண்டிக்கு 15 செ.மீ. வேண்டும். பனிப்பொழிவு நனைந்து உறைந்த வெண்பனிக்கு வலிமை பாதிதான், அதன் கனத்தை அப்படியே நம்பினால் ஆபத்து. பிறகு வலையை இறக்க ஒரு பெரிய துளை வெட்டுவார்கள். அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு வரிசை சிறு துளைகள் விரிந்துபோய், தூரத்தில் மறுபடி கூடி, வலையை ஏற்றும் துளையில் முடியும். பழைய முறையில், நீண்ட கழியின் முனையில் கயிற்றைக் கட்டிப் பனிக்கு அடியில் துளைக்குத் துளை தள்ளிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஆள் கவைக்கோலால் கழியைத் திருப்பி அடுத்த துளையை நோக்கி விடுவார். இப்போது பனியின் அடிப்புறத்தை ஒட்டித் தானாக ஊர்ந்து கயிற்றைக் கொண்டுபோகும் கருவிகள் வந்துவிட்டன. இரண்டு கயிறுகளும் ஏற்றுத்துளையை அடைந்ததும் பொறியால் சுற்றி இழுப்பார்கள். கைகள் முதலில் அகன்று, பிறகு நெருங்கி, கடைசியில் மடி மேலே வரும்.

கெடுவது எங்கே? அடியில் ஒரு பாறையோ மூழ்கிய மரமோ இருந்தால் வலை மாட்டிக்கொள்ளும், பனிக்கு மேலிருந்து விடுவிப்பது பெரும்பாடு. அதனால்தான் கண்ட இடத்தில் இழுக்கமாட்டார்கள். தலைமுறைகளாகக் கல்லும் கட்டையும் நீக்கிய இழுப்பிடங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கரையில் தெரியும் மேட்டையும் தீவுமுனையையும் நேர்கோட்டில் வைத்து அடையாளம் கொள்வார்கள். இன்று ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் எந்தக் காற்றுக்குப் பிறகு மீன் நிற்கும் என்பது அதில் இல்லை. இன்னொரு தவறு கடைசி நிமிடத்தில் நேரும்: ஏற்றுத்துளையில் வலையின் அடிக்கயிறு மேலெழும்பினால் மீன் அதன் கீழாக நழுவிவிடும். பனியில் கொட்டிய மீன் கடுங்குளிரில் சில நிமிடங்களில் விறைத்துவிடும். குளிர்கால முய்க்கின் ருசிக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையைத் தனியாள் செய்ய முடியாது. குழு வேண்டும், பங்கு பிரிக்க ஒரு முறை வேண்டும். தேவாலயத்தைக் கட்டிய ஊருக்கு அந்தப் பழக்கம் இதற்கு முன்பே கையில் இருந்தது என்று நினைக்கிறேன்.

சமைப்பது எளிது, ஆனால் கவனம் தேவை. அரைக் கிலோ முய்க்கைக் குடல் நீக்கிக் கழுவி, துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுக்க வேண்டும். ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரை மாவு, ஒரு தேக்கரண்டி உப்பு. மீனைப் புரட்டி, வெண்ணெய் நுரை அடங்கிய இரும்புச் சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, பக்கத்துக்கு மூன்று நிமிடம். ஈரம் இருந்தால் மாவு கட்டிகட்டியாகும். சட்டியை நிறைத்தால் மீன் வறுபடாமல் வெந்துபோகும். அடிக்கடி திருப்பினால் தோல் உரியும், ஒருமுறைதான் திருப்பவேண்டும். கூடவே மசித்த உருளைக்கிழங்கு. கடையில் ஒரு தட்டு 13 முதல் 16 யூரோ, அந்தப் பணத்துக்கு வஞ்சனை இல்லை.

மாலையில் ஏரிக்கரை சவுனா, அதாவது சூடான நீராவிக் குளியல் அறை. 80 டிகிரிக்கு மேல். உட்காரும் பலகையில் துண்டு விரித்துத்தான் உட்காரவேண்டும். கல்லின்மேல் தண்ணீர் ஊற்றும் முன் மற்றவர்களைக் கேட்பது வழக்கம். பேருந்தில் ஒரு வார்த்தை பேசாதவர்கள் இங்கே கேட்காமலே பேசுகிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி. ஹிதெர்மா

கெரிமாக்கிக் கரைக்கு எதிரே ஹிதெர்மாத் தீவுகள், பாதுகாக்கப்பட்ட பகுதி. படகில்தான் போகவேண்டும், காற்று எழும்பினால் திறந்த நீரில் துடுப்புப் படகு அலைக்கழியும், காலையிலேயே போய்வருவது நல்லது. இந்தத் தீவில் ஹெய்க்கி ஹாய்ருனென் என்பவர் வாழ்ந்தார். ஊரார் வைத்த பெயர் ‘ரோமு ஹெய்க்கி’. வீடுகளில் வீசிய பழைய சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்தவர். திரிகைக் கற்களையும் பாறைகளையும் கொண்டு நினைவுச் சின்னங்களை அடுக்கினார், உழைத்த மக்களின் நினைவாக. பெரிய தேவாலயத்தைப் பார்க்க வருபவர்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். திரிகைக்கல் ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் மாவரைத்தது. உழைப்புக்கு அடையாளமாக இதைவிட நேரான ஒன்றை நட்டிருக்க முடியாது.

கொசு உண்டு, அதைவிடக் குதிரை ஈ கடுமை. வெளிர்நிற முழுக்கைச் சட்டை உதவும், மருந்து ஓரளவுதான்.

ஜூலை 13, சனி. புங்கஹார்யு

கடைசி நாள், அண்டையிலுள்ள இன்னொரு மறைந்த ஊராட்சியில். ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல்முகடு, இரண்டு பக்கமும் ஏரி: ஒரு பக்கம் புருவெசி, மறுபக்கம் பிஹ்லாயவெசி. பனியூழி முடிவில் பனிப்பாளத்துக்கு அடியே சுரங்கம்போல ஓடிய உருகுநீர் சுமந்துவந்த மணலும் சரளையும் படிந்து நின்ற மேடு. சில இடங்களில் அகலம் ஒரு சாலைக்கு மட்டும். மேலே பைன் மரங்கள். பழைய சாலை முகட்டின்மேலேயே போகிறது, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதையே எடுக்கவேண்டும்; புதிய நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் கீழே ஓரமாக.

1803இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் இங்கே வந்தார். 1743 முதல் இது ரஷ்ய நிலம் என்பதால்தான், பின்லாந்து முழுவதும் கைக்கு வருவதற்கு முன்பே அவரால் வர முடிந்தது. இந்த முகட்டின் மரங்களை வெட்டாமல் காக்கும் ஏற்பாடு அந்த வருகையிலிருந்து தொடங்குகிறது. 1845இல் காவலருக்காகக் கட்டிய வீடு பிறகு விருந்தினர் விடுதியானது, இன்றும் விடுதிதான். காக்காமல் விட்டிருந்தால் சரளைக்காகவே இந்த முகட்டைத் தோண்டி எடுத்திருப்பார்கள். பின்லாந்தில் எத்தனையோ மணல்முகடுகளுக்கு அந்தக் கதி நேர்ந்திருக்கிறது.

நடக்கும்போது கவனிக்க வேண்டியது: சரிவில் குறுக்குவழியாக இறங்கக்கூடாது. மேல்மண் விரல் கனம்தான். ஒரு தடம் விழுந்தால் மழை அதைப் பிடித்துக்கொண்டு மணலை அரித்துக்கொண்டு போகும், பைன் வேர்கள் வெளியே வந்துவிடும். படிகள் போட்ட இடத்தில் மட்டும் இறங்கவும்.

அருகில் 1994இல் திறந்த லுஸ்தோ வன அருங்காட்சியகம். மரம் வெட்டுபவர்களின் ரம்பங்கள், கட்டை மிதக்கவிடும் கொக்கிகள், குதிரைச் சறுக்குவண்டிகள். தேவாலயத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அந்தச் சுவர்களின் மரம் எப்படிக் காட்டிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் என்பது புரியும்: குளிர்காலத்தில் வெட்டி, உறைந்த நிலத்தில் சறுக்குவண்டியில் இழுத்து, சாறு ஏறாத மரமாகத் தச்சர் கைக்குக் கொடுப்பது. வசந்தத்துக்குப் பின் வெட்டிய மரத்தில் ஈரமும் பூஞ்சையும் கூடுதல். முடிந்தால் முதலில் லுஸ்தோ, பிறகு கெரிமாக்கி என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

லுஸ்தோவுக்கும் புங்கஹார்யுவுக்கும் பரிக்காலா–சவோன்லின்னாச் சிறு ரயில் நிற்கிறது. இந்த ரயில் கெரிமாக்கிக்குப் போகாது. ஆகவே சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு புங்கஹார்யுவில் இறங்கி, முகட்டைக் கடந்து, அங்கிருந்து கெரிமாக்கிக்கு மிதித்துப் போய், 71ஆம் சாலை வழியாகச் சவோன்லின்னா திரும்புவதுதான் பஸ்ஸை நம்பாமல் மூன்றையும் பார்க்கும் வழி. ஒரே நாளில் முடிக்க நினைக்கவேண்டாம். தேவாலயத்துக்கு மட்டுமே அரை நாள் வேண்டும், அது மூடும் நேரத்தை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.